ஒரு மண்டலமும் சோழமண்டலமும்

பள்ளி என்பது தமிழில் நெடுந்தொலைவு நடந்து வந்த சொல். படுக்கை, உறங்குமிடம், உறைவிடம், துறவோர் இருக்கை, கல்விக்கூடம் என அது ஏற்ற பொருள்கள் பல. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களைப் பள்ளி என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. சமணர் போற்றிய நால்வகைத் தானங்களுள் அன்னம், அபயம், சாத்திரம் ஆகியவற்றோடு ஔடதமும் ஒன்று. சோறும் அடைக்கலமும் கல்வியும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் கிடைத்த காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

இன்று திருக்காட்டுப்பள்ளியில் பள்ளி என்றால், சர் பி. எஸ். சிவசாமி ஐயர் பெயரால் விளங்கும் கல்விக்கூடமே எவர்க்கும் நினைவில் எழும். ஊர்ப்பெயரில் உள்ள பள்ளியோ அதனினும் மிகப் பழையது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் இது. சீகாழிப் பக்கத்துக் கீழைத் திருக்காட்டுப்பள்ளியினின்றும் பிரித்தறிய இதனை மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்பர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இவ்விடத்தில் இறைவன் பெயர் தீயாடியப்பர், வடமொழியில் அக்னீசுவரர். எல்லாவற்றையும் எரிக்கும் அக்கினியே தன் பழி நீங்க இங்கு வந்து தீர்த்தமாடி வழிபட்டான் என்பது தலபுராணம். சுடும் தெய்வமும் ஆற்றங்கரைக்கு வந்து ஆற வேண்டியிருந்தது என்று நம்பியவர்கள் இந்நாட்டு மக்கள். காட்டினுள் ஓர் உறைவிடம். அங்கே சில காலம் தங்குதல். தங்கியிருந்து நலம் பெறுதல். இம்மூன்றையும் இணைத்து எண்ணும் வழக்கம் காவிரிக் கரைக்குப் புதிதன்று.

அவ்வழக்கத்துக்குக் கால அளவும் உண்டு. மருந்தோ விரதமோ 48 நாள் தொடர்ந்தால் அதனை ஒரு மண்டலம் என்பர். திருச்சிராப்பள்ளியிலிருந்து முசிறி செல்லும் வழியில், காவிரியின் வடகரையில் உள்ள குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கு மனம் பேதலித்தோரை அழைத்துவந்து ஒரு மண்டலம் தங்கவைப்பது இன்றும் வழக்கம். உறவினர் ஒருவர் உடனிருப்பார். பூசை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பர். மருத்துவர் இதனை எவ்வாறு மதிப்பிடுவர் என்பது வேறு வழக்கு. ஒருவனைக் குணப்படுத்த முதலில் அவனுக்கு ஓரிடமும் ஒரு நாளொழுங்கும் உடனிருக்க ஒரு மனிதரும் வேண்டும் என்ற அறிவு அதில் இருப்பதை எவரும் மறுப்பதற்கில்லை. தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் அறக்கொடை அளித்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலையும், திருமுக்கூடல் கல்வெட்டில் வீரராசேந்திரன் காலத்தில் 15 படுக்கைகளுடன் காணப்பெறும் வீரசோழன் ஆதுலர்சாலையும் இவ்வறிவின் அரசாங்க வடிவங்கள்.

இவ்விடங்களில் ஓவியன் எங்கே நின்றான் என்ற வினாவுக்குத் தஞ்சையே விடை வைத்திருக்கிறது.

இரண்டாம் சரபோசி 1798-இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னருக்கு எஞ்சின. ஆள நாடில்லாத அரசர் 1832-இல் மறையும்வரை ஏடுகளையும் மூலிகைகளையும் ஆண்டார் என்று சொன்னால் அது வெறும் சொல்லழகு ஆகாது. சரசுவதி மகால் நூலகம் சான்றாக நிற்கிறது. அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. அங்கே கண்டறியப்பட்ட முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. புலவர்க்கு இருந்த இடம் ஓவியர்க்கும் இருந்தது. மூலிகைகளை வேரும் இலையும் பூவுமாக வண்ணத்தில் தீட்டிவைத்தனர். கண்நோய்ச் சிகிச்சைக்கு வந்தோரின் கண்களை வரைந்து, நோயின் நிலையையும் செய்த மருத்துவத்தையும் உடன் எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் உள்ளன.

அவ்வோவியரின் கைவேலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தில் பொற்றகடு பதித்துக் கண்ணனைக் குழந்தையாகக் கொழுகொழுவென்று வரைந்து பழகிய கை அது. அதே கைக்கு இப்போது மங்கிய கருவிழி தரப்படுகிறது. அழகுபடுத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. நோயுற்ற கண்ணில் உள்ள வெண்படலத்தை உள்ளவாறே தீட்டினால்தான் வைத்தியருக்குப் பயன். மூலிகைக்கும் அதே விதி. ஒரு இலையின் விளிம்பு தவறினால் வேறொரு செடியைப் பறித்து அரைத்துவிடக் கூடும். அங்கே ஓவியத்தின் உண்மை என்பது உயிர் சம்பந்தப்பட்ட உண்மை. அரசவை ஓவியர் தீட்டிய இயற்கைப் படங்களுள் ஒரு தொகுதியை மன்னர் தஞ்சையில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அளித்தார். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தஞ்சை ஓவியம் என்றதும் பொற்றகட்டையும் கண்ணாடிக் கல்லையும் மட்டுமே பேசும் நூல்கள் இந்த இலைகளையும் கண்களையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெருங்குறை.

சரபோசியின் ஓவியர் இயற்கையை வரைந்தனர். அது பிறர் நோய்க்கு உதவிற்று. உருவம் பிறழாமையே அவர்கள் தொழிலின் உயிர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, சோழநாட்டின் பெயரைச் சூடிக்கொண்ட வேறொரு குடியிருப்பில், உருவத்தைத் துறந்த ஓவியர் சிலர் கூடினர். அங்கே நலம் தேடியது ஓவியனின் மனம். ஓவியமும் மருத்துவமும் இவ்வாறு இடம் மாறிக்கொண்டதற்கு இடையில் நடந்தவை பல. அவற்றுள் ஒன்றை மட்டும் குறிக்கலாம். சென்னையில் 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியரல்லர். கும்பினிச் சேனையின் அறுவை மருத்துவர். அவர் தொடங்கியதே பின்னர் அரசு ஏற்று நடத்திய கலைத்தொழிற் பள்ளியாகி, இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது.

அப்பள்ளிக்கு 1936-இல் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, பொன்னானிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் கால்வாய்களையும் பார்த்து வளர்ந்து, சிறுவயது முதலே அவற்றை நீர்வண்ணத்தில் தீட்டியவர், குடும்பத்தின் பொருட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர், கே. சி. எஸ். பணிக்கர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அவர் நிறுவினார். 1954-இல் லண்டனுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் தம் ஓவியங்களைக் கொண்டுசென்றார். 1957 முதல் 1967 வரை அதே பள்ளியின் முதல்வராக இருந்தார்.

ஐரோப்பாவில் அவர் கண்டது பாராட்டு மட்டுமன்று. ஓர் ஐயமும் கூடவே தொற்றிக்கொண்டது. அங்குள்ளோர் செய்வதை இங்குள்ளோர் பத்தாண்டு பிந்திச் செய்வதுதானா நவீன ஓவியம்? 1963-இல் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசை அவ்வையத்துக்கு அவர் கண்ட விடை. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுதலாயிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. வெளிறிய பரப்பின்மேல் பொடி எழுத்துகள், எண்கள், கோணங்கள், கட்டங்கள். இடையிடையே ஒரு பறவை, ஒரு பாம்பு, முளைவிட்ட ஏதோ ஒரு செடி. மலையாள எழுத்துப் போலத் தோன்றும், படிக்க வராது. கணக்குப் போலத் தோன்றும், விடை வராது.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? ஜாதகக் கட்டத்திலிருந்தும், மந்திரச் சக்கரத்திலிருந்தும், யந்திரத் தகட்டிலிருந்தும் வந்தன. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பொதுவான சொத்து அது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் வைத்தியர் வீட்டுக்கு ஓர் ஆளும் ஜோசியர் வீட்டுக்கு ஓர் ஆளும் போன காலம் ஒன்றிருந்தது. இன்றும் முற்றிலும் போய்விடவில்லை. அரைஞாணில் கட்டிய தாயத்துக்குள் சுருண்டு கிடப்பதும் ஒரு வரைபடமே. சரபோசியின் ஓவியர் வரைந்த கண் வைத்தியருக்கான படம் என்றால், யந்திரம் நோயாளிக்கான படம். உருவமே இல்லாத, கோடும் புள்ளியும் எழுத்துமான அருவ ஓவியம் இந்நாட்டில் பன்னூறாண்டுகளாக மக்கள் கழுத்திலும் இடுப்பிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை ஓவியம் என்று எண்ணியவர் இல்லை.

பணிக்கர் அக்குறிகளின் நம்பிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் பொருளையும் அவர் நாடவில்லை. காட்சி வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார். இதனைக் குறையாகச் சொன்னோர் உண்டு. பொருளற்ற யந்திரம் வெறும் அலங்காரம் என்றனர். அக்குற்றச்சாட்டில் சிறிது உண்மையும் உண்டு. அவரைப் பின்பற்றிய சிலரிடம் அது அலங்காரமாகவே சுருங்கிற்று. ஆனால் அவருடைய நல்ல ஓவியங்களின் முன் நிற்பவருக்கு நேர்வது வேறு. கண் படிக்க முயல்கிறது, முடியாமல் தளர்கிறது, பிறகு ஊர்ந்து செல்லத் தொடங்குகிறது. நாற்றங்காலின் வரப்பில் நின்று பார்ப்பவன் பயிர்களை எண்ணுவதில்லை. அதுபோல் ஒரு பார்வை அது. சிறுவயதில் அவர் தீட்டிய தோப்பும் கால்வாயும் காட்சியாக மறைந்து, இந்த ஊர்தலில் திரும்பி வந்தன என்று கருத இடமுண்டு. கவிதை எழுதுவோருக்கு இது அந்நியமான செய்தியாக இராது. பொருள் விளங்குமுன் ஒலி பிடித்துக்கொள்ளும் வரிகளை அவர்கள் அறிவார்கள்.

ஓவிய மாணவரின் வயிற்றுப்பாடு வேறு கதை. பட்டயம் பெற்று வெளிவரும் இளைஞர் சென்னையில் ஓவியம் விற்றுப் பிழைக்க அந்நாளில் வழியே இல்லை. விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம், பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. இவற்றுள் ஒன்றில் நுழைந்து தூரிகையை மறந்துபோனவர் எத்தனையோ பேர். பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கினால் வரைந்த இடம் வெள்ளையாக நிற்கும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்புபோல ஓடும். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த சேலைகளில் மெழுகால் தடுத்துச் சாயமிடும் வித்தை முன்பே இருந்தது என்பதை அவ்விளைஞருள் எத்தனை பேர் எண்ணினார்களோ! அத்தொழில் அழிந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. பாத்திக் துணிகள் விற்றன. தோல், மண், உலோக வேலைகளும் சேர்ந்துகொண்டன. சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் எட்டுப் பத்து ஏக்கர் மணற்பரப்பை வாங்கி, 1966-இல் குடியேறினர். முப்பது நாற்பது கலைஞர்கள். சுல்தான் அலி, வாசுதேவ், விசுவநாதன், ஜானகிராம், ரெட்டப்ப நாயுடு, சேனாதிபதி, ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், கோபிநாத், அர்னவாஸ் முதலியோர் அவருள் அடங்குவர். அரசின் கொடையோ செல்வரின் புரவலோ இல்லாமல், தம் கைத்தொழிலால் ஓவியர் தாமே எழுப்பிய ஊர் இது என்பதே அதன் பெருமை.

ஊருக்குச் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். அயல்நாட்டார் நாவில் கோரமண்டல் என்று திரிந்த அப்பெயரை அதன் மூல வடிவுக்கு மீட்டனர் எனலாம். சோழர் பெயரைச் சொல்லி அரியணையும் போர்க்களமும் பாடிய அந்தத் தலைமுறையில், அதே பெயரை மெழுகு உருக்கும் கொட்டகைக்கு இட்டது கருதத்தக்கது.

மணலும் சவுக்குத் தோப்பும் கடற்காற்றும்தான் அவர்களுக்கு வாய்த்த இயற்கை. காவிரிப் படுகையின் பசுமை அங்கில்லை. பகலில் ஒரு பகுதியைக் கைத்தொழிலுக்குக் கொடுத்து, மிஞ்சிய பொழுதில் விலைபோகுமா என்று எண்ணாமல் வரைவது ஊரின் ஒழுங்கு. விலைக்கு உட்பட்ட வேலை ஒன்று, உட்படாத வேலை ஒன்று என்று நாளை இரண்டாகப் பகுத்த இவ்வேற்பாடே ஓவியரின் மனத்துக்குப் பெரிய மருந்தாயிற்று. குணசீலத்தில் ஒரு மண்டலம்; இங்கே ஆயுள் முழுதும். அந்த மருந்து எல்லார்க்கும் போதுமானதாக இருந்ததா என்பதற்குத்தான் கே. ராமானுஜம் நினைக்கப்பட வேண்டியவராகிறார்.

ராமானுஜம் திருவல்லிக்கேணியில் ஏழை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். பேச்சு திக்கும். படிப்பு ஏறவில்லை. இளமையிலேயே மனச்சிதைவு நோய் அவரைப் பற்றிற்று. அந்தச் சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப்பெயராக வழங்கியதைவிட வசவாக வழங்கியதே மிகுதி. திரைப்படத்துக்கு அது நகைச்சுவைச் சொல். திக்கிப் பேசும், வெறித்துப் பார்க்கும் இளைஞன் ஒருவன் வீதியில் நடந்தால் அவனுக்குக் கிடைத்தது என்னவாக இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. அவரைக் கலைப் பள்ளியில் ஏற்று, வரையவிட்டு, பின்னர்ச் சோழமண்டலத்துக்கும் உடன் அழைத்துவந்தவர் பணிக்கர். பாடத்திட்டத்தின் அளவுகோலை அவர்மேல் வைக்காமல், கையில் உள்ளது என்னவென்று பார்த்த ஆசிரியர் வாய்த்தது ராமானுஜத்துக்குக் கிடைத்த ஒரே நற்பேறு.

பணிக்கர் உருவத்தைக் கரைத்துக்கொண்டிருந்த அதே ஊரில், ராமானுஜம் உருவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். காகிதமும் பேனாவும் கறுப்பு மையும் போதும். மயிர்க்கோடுகளை நெருக்கி நெருக்கி இழைத்து அவர் எழுப்பிய நகரங்களில் கோபுரங்கள் உண்டு, அரண்மனைகள் உண்டு, வளைவு வாயில்கள் உண்டு. பாம்புகள், பறவைகள், பெயரில்லா விலங்குகள், வானில் மிதக்கும் மாந்தர் உண்டு. அத்தனைக்கும் நடுவில் தொப்பி அணிந்த ஒருவர் பலமுறை வருவார். அது ராமானுஜமேதான். வீதியில் வழிவிடாத உலகம் அங்கே அவருக்கு ஊர்தி கொண்டுவந்து நிறுத்துகிறது. திருவல்லிக்கேணிச் சிறுவன் கண்ட திருவிழா வாகனங்களும் பார்த்தசாரதி கோயில் கோபுரமும் அதில் கலந்திருப்பதைக் காணத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. வெண்மையே மிஞ்சாதபடி கோடு நெருங்கும் இடங்களில் உருவம் மறைந்து இருளின் அடர்த்தி மட்டும் நிற்கும். அவ்விடங்களில் அவரும் தம் ஆசிரியரைப் போலவே அருவத்தின் எல்லைக்கு வந்துவிடுகிறார். சென்னைக் கன்னிமாரா ஓட்டலுக்காக அவர் பெரிய அளவில் ஓவியம் தீட்டினார். தோழர்கள் அவரைத் தாங்கினர். அவருக்கென்று ஓர் இடமும் ஒரு தொழிலும் உடன் மனிதரும் இருந்தனர்.

ஆயினும் 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இந்தச் செய்தியை இரண்டு வகையாகத் தவறாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கலையே அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், காப்பாற்றவில்லை, ஆகவே கலையால் நோய் தீரும் என்பது பொய் என்பார் ஒரு சாரார். நோய்தான் அவருக்கு அந்தக் கற்பனையைத் தந்தது, நோயில்லாவிடில் ஓவியமும் இல்லை என்பார் மறு சாரார். பின்னது பாராட்டுப் போலத் தோன்றினும் முன்னதைவிடக் கொடியது.

கலையால் நோய் ஆற்றுதல் என்ற கருத்துக்கு மேனாட்டில் பெயரிட்டவர் ஆட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர். 1938-இல் காசநோய்க்காக மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கட்டிலருகே இருந்த பொருள்களை வரைந்து வரைந்து தம் சோர்வை வென்றார். பிற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1942-இல் அம்முறைக்குக் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டார். நெஞ்சு நோயை ஓவியம் தீர்த்தது என்று கொள்வதற்கில்லை. மாதக்கணக்கில் படுத்திருப்பவனுக்கு நாளை விடிவதற்கு ஒரு காரணத்தை அது தந்தது. அதற்கு மேல் கேட்பது ஓவியத்தின்மேல் சுமத்தும் பொய்ப்பாரம்.

இரண்டாம் தவறுக்கும் வரலாறு உண்டு. ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர் மனநோயாளிகளின் ஓவியங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி 1922-இல் நூலாக வெளியிட்டார். அன்போடு தொடங்கிய பணி அது. 1938-இல் நாஜிகள் அத்தொகுப்பிலிருந்தே படங்களை எடுத்து, நவீன ஓவியரின் படைப்புகளுக்கு அருகில் மாட்டி, இதுவும் பைத்தியம் அதுவும் பைத்தியம் என்று காட்டினர். அந்நோயாளிகளுள் சிலரைப் பின்னர்க் கொன்றும்விட்டனர். ஓவியத்தை நோயின் அறிகுறியாகப் பார்க்கும் பார்வை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ராமானுஜத்தின் கோடுகளில் இருப்பது பிசகாத கைத்திட்டம். நோய் அவரிடமிருந்து அந்தக் கையைப் பறிக்க முயன்றது. அவர் விடாமல் பிடித்திருந்தார். அந்த ஆண்டுகளை நோயின் கணக்கில் எழுதுவது அநீதி.

தமிழ்க் கவிஞர் இதனை ஓவியர் வீட்டுக் கதை என்று ஒதுக்க இயலாது. 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் 1984-இல், முப்பத்து மூன்று வயதில், அதே முடிவைத் தேடிக்கொண்டார். அவரும் மனநோயோடு போராடியவர். அவர் கவிதைகளின் தெளிவையும் சிக்கனத்தையும் பேசுவதைவிட அவர் மரணத்தைப் பேசுவோர் அதிகம். பித்து இல்லாமல் கவிதை இல்லை என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்குவது எளிது. அந்தப் பித்தோடு ஓர் இரவைக் கழித்த குடும்பத்தார் அக்கூட்டத்தில் இருந்தால் கை தட்டமாட்டார்கள். சிறு பத்திரிகைகளும் இலக்கிய வட்டங்களும் தம் நண்பருக்கு ஒரு வாசகனைத் தேடித் தருவதில் காட்டிய அக்கறையை, நல்ல மருத்துவரைத் தேடித் தருவதிலும் காட்டினவா என்பது விடை சொல்ல வேண்டிய கேள்வி. சோழமண்டலத்துத் தோழர்கள் ராமானுஜத்துக்கு இடம் தந்தார்கள். பல ஆண்டுகள் அவரை வாழவைத்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் சிறந்த படங்களை வரைந்தார். ஒரு மண்டலம் முடிந்து குணமாகாமல் திரும்புவோரும் உண்டு என்பதைக் குணசீலத்துக்குச் சென்றுவந்த குடும்பங்கள் அறியும். அதற்காக எவரும் ஆற்றைக் குறை சொல்வதில்லை.

சரபோசியின் ஓவியரிடம் ஒரு வசதி இருந்தது. வரைந்த படம் சரியா தவறா என்று வைத்தியர் சொல்லிவிடுவார். பணிக்கருக்கும் ராமானுஜத்துக்கும் அத்தகைய வைத்தியர் எவருமில்லை. உருவத்தைவிட்டு விலகிய ஓவியன் தன் படம் உண்மையா என்பதைத் தானே, தன் மனநிலையைக் கொண்டே அளக்க வேண்டியவனாகிறான். மனம் திடமாக இருக்கும்போது அது விடுதலை. மனமே தள்ளாடும்போது அதைவிடத் தனிமை வேறில்லை. அருவ ஓவியத்தின் நலந்தரும் ஆற்றலைப் புகழ்வோர் இந்த மறுபக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

ராமானுஜம் மறைந்த நான்கு ஆண்டுகளில், 1977-இல், பணிக்கரும் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென்று திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக்கூடம் உண்டு. அவருடைய மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் பெயர் பெற்று, 2017-இல் மறையும்வரை சோழமண்டலத்தைப் பேணினார். விசுவநாதன் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் இந்தியக் கடற்கரைகளின் மணலைத் தேடி வந்து, அதையே திரைப்படமாக்கினார். கோபிநாத்தின் அருவ வடிவங்களில் விதையும் காயும் கொடியும் வண்ணக் கொழிப்போடு நெளிகின்றன. பின்னாளில் வந்து சேர்ந்த டக்ளஸ் கசங்கிய தாள்மேல் வரைந்த குருட்டுக் கவிஞனும் வண்ணத்துப்பூச்சியும் என்ற வரிசை, பெயரிலேயே கவிஞரை அழைத்து உட்காரவைக்கிறது.

சவுக்குத் தோப்பை ஒட்டி அந்நாளில் கிடந்த வழி இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை. இருபுறமும் மாளிகைகளும் உணவகங்களும் நெருங்கிவிட்டன. மணலின் விலையை அன்றைய பாத்திக் கொட்டகையில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஊர் மட்டும் விற்கப்படாமல் இருக்கிறது. 2009-இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தாரின் படைப்புகளை எவரும் சென்று காணலாம். ராமானுஜத்தின் மைக்கோடுகளைப் பார்க்க விரும்புவோர் சற்று நெருங்கி நிற்க வேண்டும். எட்ட நின்றால் கறுப்பு மட்டுமே தெரியும். கிட்டே சென்றால் முதலில் ஒரு வாயில் புலப்படும், பிறகு ஒரு கோபுரம், பிறகு அந்தத் தொப்பி.